சிங்கியின் குரல்: குற்றாலக் குறத்தியை வாசகர்கள் ஏற்ற விதம்

குற்றாலம் என்றதும் பேரருவிக்கு அடுத்தபடியாகத் தமிழர் நினைவில் எழுவது ஒரு பாட்டு. ஆண் குரங்கு கனி கொடுத்துப் பெண் குரங்கோடு கொஞ்சும் மலையைப் பற்றிய பாட்டு அது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்கள் ஐம்பது வயதிலும் தடங்கலின்றிச் சொல்வார்கள். எழுதியவர் யார் என்று கேட்டால் திரிகூடராசப்பக் கவிராயர் என்று உடனே பதில் வரும். நூலுக்குள் அதைச் சொல்பவள் யார் என்று கேட்டால் பலர் தயங்குவார்கள். அதைச் சொல்பவள் சிங்கி என்னும் குறத்தி. தன் மலையின் வளத்தைத் தானே எடுத்துச் சொல்கிறாள். அவள் சொல்லை நாம் வைத்துக்கொண்டோம், சொன்னவளை மறந்துவிட்டோம்.

இந்த மறதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். திருக்குற்றாலக் குறவஞ்சி காதலும் காமமும் ததும்பும் நூல். அதில் மிக அதிகமாக நினைவில் நிற்கும் பெண், நூலை எழுதியவரின் சமூகத்தையும் சேர்ந்தவள் அல்லள், அதை ஏட்டிலும் அச்சிலும் வாசித்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் சமூகத்தையும் சேர்ந்தவள் அல்லள். அப்படிப்பட்ட ஒருத்தி காதல் இலக்கியத்தின் நடுவில் வந்து நிற்கும்போது வாசகர்கள் என்ன செய்கிறார்கள்? முந்நூறு ஆண்டு வரலாறு இதற்குச் சில தெளிவான விடைகளைத் தருகிறது.

நூலும் இரு பெண்களும்

கவிராயர் தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் பிறந்தவர். குற்றாலத்தின் மீது தலபுராணம், மாலை, சிலேடை, பிள்ளைத்தமிழ், யமக அந்தாதி எனப் பல நூல்கள் பாடியவர், திருக்குற்றாலநாதர் கோயில் வித்துவான் என்று பட்டம் பெற்றவர். மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் 1706 முதல் 1732 வரை ஆண்டவர். அவர் விருப்பத்துக்கு இணங்கவே குறவஞ்சி அரங்கேறியது என்றும், பரிசாகக் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் வழங்கியது என்றும் சொல்லப்படுகிறது.

கதை எளியது. குற்றாலத்து இறைவன் திரிகூடநாதர் உலா வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொள்கிறாள். நிலவையும் தென்றலையும் மன்மதனையும் பழிக்கிறாள், தோழியைத் தூது அனுப்புகிறாள். அப்போது குறத்தி வருகிறாள், மலையும் நாடும் பாடுகிறாள், கை பார்த்துக் குறி சொல்கிறாள், பரிசு பெற்றுப் போகிறாள். பிறகு அவள் கணவன் சிங்கன் கூட்டாளி நூவனோடு வருகிறான். பறவை பிடிக்க வந்தவன் மனைவியின் நினைவில் தொழிலை மறந்து தவிக்கிறான், அவளைத் தேடி அலைகிறான், கடைசியில் காண்கிறான்.

இரண்டு பெண்கள், இரண்டு காதல்கள். வசந்தவல்லியின் காதல் இறைவனை நோக்கியது. அது நூலின் முன்பாதியில் உயர்ந்த நடையில் ஓடுகிறது. சிங்கியின் காதல் கட்டிய கணவனோடு தெருவில் நடக்கும் பேச்சு. பின்பாதியில் அது பேச்சுத் தமிழின் வேகத்தோடு வருகிறது. முன்னதை பக்தி என்று விளக்கிவிடலாம். பின்னதற்கு அந்தப் போர்வை கிடையாது. நூலைப் பற்றிய எல்லாச் சங்கடங்களும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

சங்கடப்பட்டவர்கள் கவனிக்கத் தவறிய ஒரு காட்சி நூலின் நடுவிலேயே இருக்கிறது. குறி சொல்லும்போது குறத்தி வசந்தவல்லியின் நோய் காதல் நோய் என்று போட்டு உடைக்கிறாள். வசந்தவல்லிக்குக் கோபம் வருகிறது. மணமாகாத என்னை ஆசைப்பட்டவளாக்கிப் பேசுகிறாயே என்று சீறுகிறாள். குறத்தி பின்வாங்குவதில்லை. காதலனின் பெயரைச் சிலேடையில் புதிராகச் சொல்லி, வசந்தவல்லியையே ஒப்புக்கொள்ள வைக்கிறாள். ஆசையைப் பெயர் சொல்லி அழைத்ததும் எழும் வெட்கமும் கோபமும் எப்படியிருக்கும் என்பது கவிராயருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் வந்த வாசகர்களில் பலர் அந்த வசந்தவல்லியின் இடத்தில்தான் நின்றார்கள்.

பாடிக் கேட்ட காலம்

குறத்தி தமிழ்க் கவிதைக்குப் புதியவள் அல்லள். குறுந்தொகையில் ஔவையார் பாட்டில் வரும், குறி சொல்லும் அகவன்மகள் மலையைப் பாடுகிறாள். முருகனை மணந்த வள்ளி குறவர் மகள். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை குறம் பாடினார். நாயக்கர், மராத்தியர் காலத்தில் குறத்தி பாட்டிலிருந்து குறவஞ்சி என்னும் நாடக வடிவில் மேடைக்கு வந்தாள். தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சி 1798–1832) மீது கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைத் தேவதாசியர் பெரிய கோயிலில் ஆடினார்கள்.

அன்றைய கேட்பாளர்களுக்குக் காமச்சுவை குறையாகப் படவில்லை. கோயிலில், திருவிழாவில், குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் முன்னால் பாடி ஆடிய நூல்கள் இவை. ஆனால் அன்றைய ஏற்பிலும் ஓர் ஏற்றத்தாழ்வு இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். உயர்குலத் தலைவியின் காதல் கேட்டு உருகுவதற்கு, குறத்தி குறவன் காதல் கேட்டுச் சிரிப்பதற்கு என்று பாத்திரங்கள் வகுக்கப்பட்டிருந்தன. சிரிப்பை விளைவிக்கும் பொறுப்பு எப்போதும் கீழே நிறுத்தப்பட்டவர்கள் மேல்தான் விழுந்தது. குறத்தி வேடம் கட்டியவர்களும் கண்டு களித்தவர்களும் இருக்க, குறவர்கள் அரங்குக்கு வெளியே இருந்தார்கள்.

திருத்தி எழுதிய வாசகர்

காமச்சுவையை ஏற்காத வாசகரின் முதல் பெரிய எதிர்வினை ஒரு படைப்பாகவே வந்தது. திருநெல்வேலியில் 1774இல் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார், சரபோசி மன்னரோடு ஒன்றாகப் படித்தவர். அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி இந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு பொருளை மாற்றியது. தலைவி தேவமோகினி இயேசுவைக் காதலிக்கும் திருச்சபை ஆனாள். குறி சொல்பவள் ஞானச்சிங்கி ஆனாள். பறவை பிடிப்பது ஆன்மாக்களைச் சேர்ப்பதாயிற்று.

இதை வெறும் தணிக்கை என்று ஒதுக்குவது நியாயமில்லை. சாஸ்திரியாருக்குக் குறவஞ்சியின் இசையும் ஓட்டமும் பிடித்திருந்தன. எதிர்காலத்தை அறிந்து சொல்லும் அதிகாரத்தை அவர் குறத்தியிடமிருந்து பறிக்கவில்லை, ஞானத்தின் வடிவாகவே அவளை உயர்த்தினார். ஆயினும் உயர்த்தும்போது அவள் உடல் போய்விட்டது. கணவனோடு சண்டையிட்டுக் கொஞ்சும் பெண் உருவகமாகக் கரைந்தாள். ஒரு சமூகத்துப் பெண்ணை மதிக்க வேண்டுமானால் அவள் ஆசையைக் கழித்துவிட வேண்டும் என்ற வழக்கத்துக்கு இது அழகான, முதன்மையான எடுத்துக்காட்டு.

கூச்சத்தின் நூற்றாண்டு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் காற்று மாறியது. 1892 முதல் தேவதாசியர் ஆட்டத்துக்கு எதிரான இயக்கம் வலுத்தது. தஞ்சை அரசவைக் கவிஞர் முத்துபழனி தெலுங்கில் எழுதிய ராதிகா சாந்த்வனத்தைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லி 1911இல் அரசு அதைத் தடை செய்தது. ஆண்கள் எழுதிய சிருங்கார நூல்கள் பல புழங்கிய அதே மாகாணத்தில், ஒரு பெண் எழுதி ஒரு பெண் பதிப்பித்த நூல் குற்றமாயிற்று. 1947 வரை தடை நீடித்தது.

குற்றாலக் குறவஞ்சிக்கு அந்தக் கதி நேரவில்லை. தலத்தைப் பாடும் சைவ நூல் என்ற தகுதி அதைக் காத்தது. ஆனால் காத்ததற்கு விலை இருந்தது. பாடநூல்கள் மலைவளத்தையும் பந்தாட்டத்தையும் முன்னிறுத்தின. நூல் முழுமையாகப் படிக்கும் நூலாக இல்லாமல் எடுத்துக்காட்டுப் பாடல்களின் தொகுப்பாக ஆயிற்று.

அதே ஆண்டுகளில் நிஜமான குறவர்களுக்கு நேர்ந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் குறவரைக் குறித்த பகுதி திருட்டு முறைகளை விரிவாகப் பேசுகிறது. 1871இல் வடக்கே வந்த குற்றப் பழங்குடிச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்கள் அதன் கீழ் பதிவு செய்யப்பட்டார்கள். பதிவானவர்கள் ஊர்விட்டு ஊர் போகக் காவல் நிலையத்தின் அனுமதி வேண்டியிருந்தது. சிங்கியோ சேலத்தில் குறி சொல்லிச் சிலம்பும், பாண்டியன் மகளுக்குக் குறி சொல்லிப் பாடகமும் பெற்று வந்தவள். நாடு முழுதும் தன் காலால் நடந்து, தன் வாயால் சம்பாதித்தவள். அவள் நடையை ரசித்த சமூகம், அவள் பேத்திகளின் நடைக்குக் கையெழுத்துக் கேட்டது.

ரசிகமணியின் செவி

கூச்சத்துக்கு எதிராகக் குற்றாலத்திலிருந்தே எழுந்த குரல் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாருடையது. தென்காசியைச் சேர்ந்த அவர் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தை நடத்தியவர். பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்தார். ராஜாஜி, கல்கி போன்றோர் சாரல் காலத்தில் அவரைத் தேடி வந்தார்கள். கவிதையை உரையாசிரியரின் துணையோடு பிரித்துப் படிப்பதை அவர் ஏற்கவில்லை. வாய்விட்டுப் பாடி, தாளத்தை உடம்பில் உணர்ந்து, உணர்ச்சியை நேரே பெற வேண்டும் என்றார். பண்டித நடையைவிட மக்கள் பேச்சின் உயிரை மேலாக வைத்தார்.

இந்த வாசிப்பு முறை குறவஞ்சிக்கு மிகப் பொருத்தமானது. சிங்கன் சிங்கி உரையாடலைக் கண்ணால் படித்தால் கேள்வியும் பதிலுமாகத் தோன்றும். பாடிக் கேட்டால்தான் அதிலுள்ள விளையாட்டும் ஊடலும் சந்தேகமும் சேர்ந்து துடிப்பது புரியும். காதலைக் கண்டு நெளியாமல், அதைக் கவிதையின் உயிராகவே ஏற்றது ரசிகமணி மரபு தந்த கொடை. ஆனால் அந்த மரபு கவியின் மேதைமையைக் கொண்டாடிய அளவுக்குக் குறத்தியின் வாழ்வைக் கேட்கவில்லை. சிங்கியின் வாய்மொழி கவிராயரின் செல்வமாகவே எண்ணப்பட்டது. சுவைத்தவர்கள் நல்ல மனம் கொண்டவர்கள்தாம். சுவைக்கும் அவையில் யார் உட்கார்ந்திருக்கவில்லை என்ற கேள்வி மட்டும் அன்று எழவில்லை.

மேடையில் வந்த சிங்கி

1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், 1944இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். அந்நிறுவனத்தின் நாட்டிய நாடக வரிசை இதிலிருந்துதான் தொடங்குகிறது. நாட்டியத்தில் சிருங்காரத்தைக் கட்டுக்குள் வைத்து பக்தியை முன்னே நிறுத்துவது அவர் நிலைப்பாடு. தேவதாசி மரபில் வந்த பாலசரஸ்வதி இதை ஏற்கவில்லை. சிருங்காரமே நாட்டியத்தின் உச்சம், அதைத் தூய்மை செய்ய எவரும் தேவையில்லை என்று 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் வாதிட்டார்.

இந்த விவாதத்தில் இரு பக்கமும் வசந்தவல்லியைப் பற்றியே அதிகம் பேசின. சிங்கியின் பங்கு துள்ளலான அடவுகள், கூடை, வண்ணச் சேலை, பாசிமணி என்று சுருங்கியது. செவ்வியல் மேடையில் நாட்டுப்புறச் சுவை சேர்ப்பவளாக அவள் நின்றாள். அமெரிக்க ஆய்வாளர் இந்திரா விஸ்வநாதன் பீட்டர்சன் 1998இல் எழுதிய ஆய்வு, குறவஞ்சி நாட்டுப்புறத்துக்கும் செவ்வியலுக்கும் நடுவே எப்படிப் பேரம் பேசப்பட்டது என்பதை விரிவாகக் காட்டுகிறது. 1944இல் அந்த நாடகம் அரங்கேறியபோது குற்றப் பழங்குடிச் சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. சென்னை மாகாணத்தில் அது 1947இல்தான் நீங்கியது.

திரைப்படம் இன்னொரு வழியில் போயிற்று. குறத்தி என்றால் நரிக்குறவர் உடை, ஊசிமணி, கொச்சைத் தமிழ், கண்சிமிட்டல் என்று ஓர் உருவத்தை அது நிலைநாட்டியது. குறவர் தமிழ் மண்ணின் மலைக்குடிகள், நரிக்குறவர் வாக்ரிபோலி பேசும் வேறு மக்கள் என்ற அடிப்படை வேறுபாடு கூட அதில் அழிந்தது.

குறவர்களே பேசியபோது

கரகாட்ட மேடைகளில் குறவன் குறத்தி ஆட்டம் என்று ஒன்று நெடுங்காலம் நடந்தது. இரட்டை அர்த்தப் பேச்சும் அரைகுறை உடையும் அதன் அடையாளமாயின. சிங்கன் சிங்கி உரையாடலின் தூரத்து நிழலை அதில் காணலாம். கவிதையும் பாட்டும் கழிந்து கேலி மட்டும் மிஞ்சிய நிழல் அது. குறவர் சமூகத்தினர் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். தங்கள் சாதிப் பெயரால் தங்கள் வீட்டுப் பெண்களை ஊர் நடுவில் இழிவுபடுத்துகிறார்கள் என்பது அவர்கள் வாதம். 2023 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைப் பற்றி உத்தரவிட்டது. அவ்வாண்டு மார்ச்சில் தமிழக அரசு அந்தப் பெயரில் ஆடுவதைத் தடை செய்தது.

முந்நூறு ஆண்டு எதிர்வினைகளில் இதுவே எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. இதுவரை பேசியவர்கள் குறத்தியைப் பார்த்தவர்கள். இப்போது பேசியவர்கள் குறத்தியாகப் பார்க்கப்பட்டவர்கள். பள்ளியில் தன் சாதிப் பெயர் பாட்டில் வரும்போது வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தால் அந்தப் பிள்ளைக்கு அது இலக்கியச் சுவையாக இருக்காது. இந்த வலியைக் கணக்கில் எடுக்காத எந்த ரசனையும் முழுமையான ரசனை ஆகாது.

கடல் கடந்த ஒப்பீடு

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் காதல் நாவல்களிலும் திரைப்படங்களிலும் லத்தீன் அமெரிக்க வழிவந்த பெண் நெடுங்காலம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டாள்: சூடான ரத்தம், சட்டென்று கோபம், அடங்காத மோகம். 1939 முதல் 1943 வரை லூப்பே வேலஸ் நடித்து வந்த மெக்சிகன் ஸ்பிட்ஃபயர் படங்கள் அந்த அச்சைத் திரையில் உறுதி செய்தன. கென்சிங்டன் பதிப்பகம் 1999இல் என்கான்டோ என்ற பெயரில் இம்மக்களுக்கெனவே காதல் நாவல் வரிசை தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோ வழிவந்த அலெக்சிஸ் டாரியா 2020இல் வெளியிட்ட நாவலின் நாயகி, ஆசை மிகுந்த காட்சிகளுக்கு நடுவிலும் தொழிலும் குடும்பமும் லட்சியமும் உடைய நடிகை.

அங்கே வாசகியர் கேட்டது காமக் காட்சிகளைக் குறைக்கச் சொல்லி அல்ல. எங்கள் பெண் காதலிக்கட்டும், ஆனால் அவள் காதல் அவள் இனத்தின் குணமாகச் சித்திரிக்கப்பட வேண்டாம், எங்களில் ஒருவரும் அதை எழுதட்டும் என்பதே கோரிக்கை. தமிழிலும் இதன் மறுபக்கத்தைக் கண்டோம். 2002இல் குட்டி ரேவதியின் முலைகள் என்ற தொகுப்பு வந்தபோது தலைப்பே பெரும் கூச்சலை எழுப்பியது. ஆண் புலவர்கள் பெண்ணுடலைப் பாடிய ஆயிரம் பாடல்களை மனப்பாடம் செய்த ஊரில், ஒரு பெண் தன் உடலைத் தானே சொன்னது பொறுக்கவில்லை. வாசகரின் சங்கடம் காமத்தைப் பற்றியது என்பதைவிட, அதை யார் பேசுகிறார்கள் என்பதைப் பற்றியது.

சிங்கியைக் கேட்பது

இவ்வளவு எதிர்வினைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டு தவறுகள் மாறி மாறி வருவது தெரிகிறது. ஒரு சாரார் சிங்கியை மதிக்க எண்ணி அவள் ஆசையை நீக்கினார்கள். மறு சாரார் அவள் ஆசையை மட்டும் எடுத்து, மற்ற எல்லாவற்றையும் விட்டார்கள். பெத்லகேம் முதல் செவ்வியல் மேடை வரை முதல் தவறு. திரைப்படம் முதல் திருவிழா ஆட்டம் வரை இரண்டாம் தவறு. இரண்டிலும் காணாமல் போனது அவள் பேச்சு.

நூலுக்குத் திரும்பினால் அந்தப் பேச்சின் ஆற்றல் தெரியும். நெடுநாள் கழித்துக் கண்ட சிங்கன் அவள் உடலில் புதிதாக மின்னும் ஒவ்வொரு நகையையும் காட்டி, இது என்ன, எங்கே கிடைத்தது என்று கேட்கிறான். கேள்வியில் வியப்பும் உண்டு, சந்தேகமும் உண்டு. தனியே போய்ப் பொருளோடு திரும்பிய மனைவியை நோக்கிக் கணவன் வீசும் பழைய சந்தேகம் அது. சிங்கி ஒவ்வொன்றுக்கும் விடை சொல்கிறாள்: இந்த ஊரில், இன்னாருக்கு, குறி சொல்லி வாங்கினேன். அவள் பட்டியல் ஓர் உழைப்பாளியின் வரவுக் கணக்கு. கடைசியில் அவன் பட்டப்பகலில் தெரு நடுவில் முத்தம் கேட்கும்போது, இது நேரமா என்று அதட்டி நிறுத்துகிறாள். அவளுக்கு ஆசை இருக்கிறது, காலமும் இடமும் அவள் தீர்மானிப்பாள். 18ஆம் நூற்றாண்டுக் காதல் நூல் ஒன்றில் மறுக்கும் உரிமை ஒரு பெண்ணின் வாயில் இவ்வளவு இயல்பாக வருவது சாதாரணமன்று.

இதனால் கவிராயர் குற்றமற்றவராகிவிட மாட்டார். குறவர் வாழ்வை அவர் வெளியிலிருந்து பார்த்தார், சிரிப்புக்காகவும் பயன்படுத்தினார். அந்தக் குறையை வகுப்பில் சொல்லித்தான் நூலைக் கற்பிக்க வேண்டும். ஆனால் குறைக்கு அஞ்சி நூலை ஒதுக்கினால் சிங்கி மறுபடியும் வாயடைக்கப்படுவாள்.

செய்யக்கூடியவை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மலைவளப் பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர், இதைச் சொல்பவள் குறத்தி என்பதை முதல் வரியிலேயே சொல்லலாம். நகைப் பட்டியலை எடுக்கும்போது குற்றப் பழங்குடிச் சட்டத்தையும் சேர்த்துப் பேசலாம். ஒவ்வோர் ஆண்டும் அரசு நடத்தும் குற்றாலச் சாரல் விழாவில் குறவஞ்சி முழுவதையும் பாடி, குறவர் சமூகத்து எழுத்தாளர்களையும் ஆய்வாளர்களையும் அதைப் பற்றிப் பேச அழைக்கலாம். அவர்கள் நூலைப் பாராட்டினாலும் கண்டித்தாலும் அந்த வாசிப்பு நமக்கு வேண்டும். முந்நூறு ஆண்டுகளாக இந்நூலைப் பற்றிப் பேசியவர்களில் குறைவாகக் கேட்கப்பட்ட குரல் அவர்களுடையது. 2019இல் தனி மாவட்டமான தென்காசிக்குத் தன் முதன்மை இலக்கியத்தை இப்படித் திறந்து வைப்பதைவிடப் பெரிய பெருமை இருக்க முடியாது.